சர்க்கரை நோட்டு

1

“காலைத் தூக்குங்க சார். மேல, இன்னும் மேல. தலையை நான் பிடிச்சுக்கிட்டேன்.”

ரத்தம் எடுக்கிற அக்கா ஒரு கையால் அவள் தலையைத் தாங்கினாள். இன்னொரு கையில் பாதி நிரம்பிய குழாய். ஆறு மாத வயிற்றோடு அவள் நாற்காலியிலிருந்து வழுக்கிக்கொண்டிருந்தாள். எதிர் பெஞ்சிலிருந்து பாய்ந்து வந்த கணவர் தரையில் உட்கார்ந்து, அவள் கால்களை வாரித் தன் தோள்மேல் போட்டுக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது பத்து. சோதனை முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. இன்னும் ஒரு குத்து இருந்தது.

அவள் உதடுகள் வெளுத்தன. கண்கள் மேலே சொருகின. அவள்

[இங்கே நிறுத்துகிறேன். இது மூன்றாவது தொடக்கம். முதல் இரண்டையும் கிழித்துவிட்டேன். இதையும் கிழிக்கலாம், ஆனால் ஒரே ஒரு சொல்தான் இதில் பொய். ‘அவள்’. விழுந்தது நான்.]

2

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பக்கத்து அறையிலிருந்து வந்தது. அங்கே என் கணவர் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் ஒரு மீட்டரைத் திறந்துகொண்டிருக்கிறார். முப்பத்திரண்டு நாளாக, கடையிலிருந்து வந்ததும் இதுதான் வேலை.

அது விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வைத்தால் சர்க்கரை அளவைக் காட்டும் மீட்டர். உள்ளங்கையில் அடங்கும். கர்ப்பத்தில் எனக்குச் சர்க்கரை வந்தபோது வாங்கியது. அவர் தராசு மெக்கானிக். இந்த ஊரில் பாதித் தராசுகள் அவர் கைபட்டவை.

எங்கள் பெண், ஒன்பதாம் மாதம் தொடங்கிய வாரத்தில், வயிற்றுக்குள்ளேயே அசைவதை நிறுத்திவிட்டாள்.

இதைக் கடைசி வரியில் வைத்து உங்களைத் தூக்கிவாரிப் போட வைத்திருக்கலாம். பதினாறு வருடமாகத் தொடர்கதை எழுதுகிறேன், எதை எங்கே ஒளிப்பது என்று கை தானாகச் செய்யும். ஆனால் அந்த வித்தையை அவள்மேல் காட்ட மனசு வரவில்லை.

இப்போது பிரச்சினை இது. வியாழக்கிழமை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்ன நடந்தது என்று எல்லாவற்றையும் எடுத்து வைத்துப் பார்ப்பார்களாம். தினமும் அளவு குறித்த நோட்டையும் மீட்டரையும் கொண்டுவரச் சொன்னார்கள். நோட்டு வார்டில் தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். ஆகவே மீட்டர் மட்டும்.

இவர் அந்த மீட்டர்மேல்தான் பழி போடுகிறார். மீட்டர் வழியாகத் தன்மேல்.

“தினம் தொண்ணூறு, தொண்ணூத்தி ரெண்டுன்னு காட்டிக்கிட்டே இருந்துச்சு. அப்படி இருந்தா ஏன் இப்படி ஆகணும்? மிஷின் குறைச்சுக் காட்டியிருக்கு” என்று தன் அம்மாவிடம் போனில் சொன்னார். “ஊர்ல உள்ள தராசெல்லாம் சரி பாக்கறவன், வீட்டுல இருந்ததப் பாக்காம விட்டுட்டேன்.”

அவர் சாப்பாடு பாதியாகிவிட்டது. சட்டை தோளில் தொங்குகிறது. நான் ஒரு விஷயத்தைச் சொன்னால் அந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிடுவார். வியாழனுக்குள் சொல்லியாக வேண்டும். இன்று செவ்வாய். வாயால் வரவில்லை. நான் எழுதும் எல்லாவற்றுக்கும் முதல் வாசகர் அவர்தான் என்பதால், எழுதுகிறேன்.

3

மறுபடி அந்தச் சோதனைக் கூடம்.

வெறும் வயிற்றில் ஒரு குத்து. பிறகு ஒரு பெரிய டம்ளர் குளுக்கோஸ் தண்ணீர், ஐந்து நிமிடத்தில் குடித்து முடிக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து ஒரு குத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு குத்து. நடுவில் வாந்தி எடுத்தால் வேறொரு நாள் முதலிலிருந்து.

“ஊசின்னா பயமா?” என்று அக்கா கேட்டாள்.

“பயமெல்லாம் இல்லைக்கா. பாத்தா விழுந்துடுவேன்.”

“அப்போ பாக்காதீங்க.”

“பாக்கலைன்னாலும் விழுவேன்.”

“நல்ல கேசு” என்று அக்கா பஞ்சை நனைத்தாள்.

இவர் பெஞ்சிலிருந்து, “வாரத்துக்கு ஒரு கொலை பண்றவங்க இவங்க. போன வாரம் கத்தி, அதுக்கு முந்தின வாரம் கோடாலி. சொந்த ரத்தம் ஒரு சொட்டுன்னா ஆள் காலி” என்றார்.

அக்கா ஊசியை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “அந்தத் தொடர் நீங்களா? அந்த வக்கீலை ஏம்மா கொன்னீங்க? அவன் பாட்டுக்கு நல்லாத்தானே இருந்தான்.”*

முதல் குத்தைத் தாண்டினேன். இரண்டாவதில் விழுந்தேன். விழுவது எப்படி இருக்கும் என்று பத்திரிகை ஆசிரியர் ஒருமுறை விளக்கமாக எழுதச் சொன்னார்: ‘கண்ணுக்கு முன் இருள் சூழ்ந்தது’ போதாதாம். உண்மையில் முதலில் போவது காது. பேச்சுகள் தூரமாகும், யாரோ அடுத்த தெருவில் பேசுவது மாதிரி. மேலுதட்டில் வியர்வை. பிறகு ஒரு பெரிய நிம்மதி. அந்த நிம்மதிதான் ஆபத்து.

விழித்தபோது பெஞ்சில் இடப்பக்கமாகப் படுத்திருந்தேன். இவர் என் பாதங்களை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாந்தி எடுத்தேனா?”

“இல்ல.”

“அப்போ சோதனை செல்லும்.”

“உனக்கு இந்தக் கவலையா இப்போ” என்றார். மூன்றாவது குத்து படுத்தபடியே நடந்தது. “தொடையை இறுக்குங்க, கை முஷ்டியை இறுக்குங்க, ரத்தம் தலைக்கு ஏறட்டும்” என்று அக்கா சொல்லிக்கொடுத்தாள். அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த ஒரே ஆயுதம் அது.

மறுநாள் முடிவு வந்தது. சர்க்கரை இருந்தது.

* வக்கீல் சாகவில்லை. நாலு மாதம் கழித்துத் தாடியோடு திரும்ப வருவதாகத் திட்டம். போனவர்கள் திரும்பி வரும் அத்தியாயத்தை இப்போது எழுத முடியவில்லை. ஆசிரியர் இரண்டு முறை போன் செய்தார், பிறகு விஷயம் தெரிந்து நிறுத்திவிட்டார்.

4

இந்தக் கணவர் பாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. ஆசிரியர் படித்தால் ஓரத்தில் பென்சிலால், ‘இவ்வளவு நல்லவனா? கொஞ்சம் குறை வை’ என்று எழுதுவார்.

குறை வைக்கிறேன். தூங்கும்போது போர்வை முழுவதையும் இழுத்துக்கொள்வார். ஒரு விஷயத்தை ஏழு தடவை சொல்வார். பிடிவாதம் அதிகம். ஒருமுறை மீன் கடைக்காரர் ஒருவர் தராசைக் கொண்டுவந்து, பத்தே பத்து கிராம் கூடக் காட்டுகிற மாதிரி வைத்துத் தரச் சொன்னார். இவருக்குப் பால்ய சிநேகிதர்.

“பத்து கிராம்தானேப்பா. யாருக்குத் தெரியப்போகுது?”

“தராசுக்குத் தெரியும்ல” என்றார் இவர்.

அந்தச் சிநேகிதம் அதோடு போயிற்று. எங்கள் கல்யாணத்துக்குக்கூட அந்த மனிதர் வரவில்லை. நான் கேட்டேன், பத்து கிராமுக்காக ஒரு ஆளையே விட்டுட்டீங்களே என்று. “அளவுன்னா அளவு. அதுல எனக்குப் பேச்சே கிடையாது” என்றார்.

[‘எழுத்தாளர் தன் கணவரைத் தூக்கிப் பிடிக்கிறார்’ என்று நினைக்காதீர்கள். இந்தச் சம்பவம் கதைக்குத் தேவை. வேறு எதையாவது வெட்டுகிறேன்.]

மீட்டர் வாங்கிய அன்று அவரே ஒரு நோட்டில் கட்டம் போட்டார். தேதி, காலை வெறும் வயிறு, ராத்திரி சாப்பாட்டுக்குப் பின். கட்டங்களைப் பார்த்தால் அச்சடித்த மாதிரி இருக்கும். தினம் இரண்டு குத்து என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். காலை அளவு தொண்ணூற்றைந்துக்குள் இருக்க வேண்டும்.

நான் விழாமல் குத்துவதற்கு அவர் கண்டுபிடித்த முறை இது. நான் கட்டிலில் இடப்பக்கமாகப் படுப்பேன். தொடையை இறுக்குவேன். அவர் என் விரலைப் பிடித்துக்கொண்டு தொடர்கதையிலிருந்து ஒரு கேள்வி கேட்பார்.

“அந்த லாக்கர்ல என்ன இருந்துச்சு?”

“சொல்ல மாட்டேன். அடுத்த வாரம் படிச்சுக்கோங்க.”

“பணமா?”

“அவ்வளவு மட்டமாவா எழுதுவேன்?”

“அப்போ போட்டோவா?”

“போட்டோ இல்ல, ஒரு சின்ன” என்று நான் வாயெடுக்கும்போது குத்தி முடித்திருப்பார். எட்டு வாரம். ஒருநாளும் நான் விழவில்லை. காலை அளவு தொண்ணூறைச் சுற்றியே இருந்தது. லாக்கரில் என்ன என்று இன்றுவரை அவருக்குச் சொல்லவில்லை. உண்மையில் எனக்கே தெரியாது, எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

5

பிறகு முத்திரை மாதம் வந்தது. வருடத்துக்கு ஒருமுறை எல்லாத் தராசுகளையும் அதிகாரிகள் சோதித்து முத்திரை குத்துவார்கள். அதற்கு முன் ஒவ்வொன்றையும் மெக்கானிக் சரிபார்த்தாக வேண்டும். மொத்தச் சந்தையில் வியாபாரம் விடியுமுன் தொடங்கிவிடும், ஆகவே இவர் நாலு மணிக்கே கிளம்பிப் போனார். காலைக் குத்தை ஆறு மணிக்கு, விழித்ததும் நானே குத்திக்கொள்ள வேண்டும்.

“முடியுமா? இல்லைன்னா சந்தை வேலையை வேற ஆளுக்கு விட்டுடறேன்.”

“வருஷத்துல ஒரு தடவை வர்ற வேலை. நான் என்ன சின்னக் குழந்தையா? போங்க.”

“படுத்துக்கிட்டே குத்து. அஞ்சு நிமிஷம் எழுந்திரிக்காத. சொன்னேன்ல, அஞ்சு நிமிஷம்.” ஏழு தடவை சொன்னார்.

முதல் நாள் குத்தினேன். நூறு. இரண்டாம் நாள் நூற்று நாலு. அந்த மாலை டாக்டரம்மாவைப் பார்த்தோம். நோட்டைப் பார்த்தார்.

“கடைசி மாசங்கள்ல இப்படி ஏறத்தான் செய்யும். இன்னும் ஒரு வாரம் பாப்போம். இறங்கலைன்னா தினம் ராத்திரி வயித்துல ஒரு ஊசி போட்டுக்கணும். சின்ன ஊசிதான்.”

இவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ‘வயித்துல’ என்ற சொல்லிலேயே என் காது தூரம் போய்விட்டது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாம் நாள் காலை. குத்தினேன். மீட்டர் எண்ணைக் காட்டுமுன்

காட்டுமுன் நான்

[இந்த வாக்கியம் நாலு தடவையாக முடிய மாட்டேன் என்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன்.]

கண் விழித்தபோது கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் தரையில் கிடந்தேன். எப்போது எழுந்தேன், ஏன் எழுந்தேன், தெரியாது. இடுப்பில் கட்டில் விளிம்பு இடித்த வலி. வயிறு கல் மாதிரி இருந்தது. உள்ளே அசைவு இல்லை. நான் வயிற்றின்மேல் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். சத்தமாகப் பேசினேன். என்னென்னவோ பேசினேன். வாடகைக்கு விட்ட மாடியில் யாரோ பக்கெட்டை இழுக்கும் சத்தம் கேட்டது. இருபது நிமிடம். பிறகு வலது விலாவுக்குக் கீழே ஓர் உதை விழுந்தது. பிறகு இன்னொன்று, கொஞ்சம் கோபமாக.

அழுதேன். அந்த உதையை ஒரு அத்தியாயத்தின் முடிவாக வைத்தால் ஊரே கைதட்டும்.

6

இப்போது முடிவுகள். வழக்கமாக நான் ஒரு தொடருக்கு மூன்று முடிவு எழுதி வைப்பேன், ஆசிரியர் ஒன்றைப் பிடித்துக்கொள்வார்.

முதல் முடிவு: மீட்டர்தான் குற்றவாளி. வியாழனன்று சோதித்துப் பார்த்து, ஆமாம், கோளாறு என்கிறார்கள். எல்லோரும் ஒரு பொருளின்மேல் கோபப்படுகிறோம். பொருளுக்கு வலிக்காது.

இரண்டாம் முடிவு: குற்றவாளியே இல்லை. சில குழந்தைகள் காரணமில்லாமல் போய்விடுகின்றன என்று டாக்டரம்மா சொல்கிறார். இது உண்மையாகவே சொன்னார், வார்டில், என் தலையைத் தொட்டபடி. நான் அதை இறுகப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பிடிக்க முடியவில்லை.

மூன்றாம் முடிவை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நான் விழுந்தேன் என்று இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சந்தை வேலையை விட்டுவிடுவார். அன்று காலை தரையில் கிடந்தபோது எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது: என் குழந்தைக்கு ஆபத்து சர்க்கரையால் இல்லை, ஊசியால். விழுந்தால் அவளுக்கு அடிபடும். சர்க்கரை என்பது கண்ணுக்குத் தெரியாதது. கட்டில் விளிம்பு தெரிந்தது.

அந்த நாளின் கட்டத்தில் தொண்ணூற்று மூன்று என்று எழுதினேன். மறுநாள் குத்தவில்லை. தொண்ணூறு என்று எழுதினேன். அதற்கு மறுநாளும் குத்தவில்லை.

எழுதத் தெரிந்தவளுக்கு மட்டுமே வரும் தப்பு இது. வேறு யாராவதாக இருந்தால் தினமும் தொண்ணூறு என்று எழுதி மாட்டிக்கொண்டிருப்பார்கள். நான் ஒரே எண்ணை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வைக்கவில்லை. முதலில் மெல்ல இறக்கினேன். நம்பும்படி இருக்க, நடுவில் ஒருநாள் தொண்ணூற்றெட்டு வைத்தேன். அன்று மாலை இவர் கேட்டபோது, “நேத்து கொஞ்சம் அதிகமா சாப்பிட்டுட்டேன்” என்று ஒரு காரணமும் கொடுத்தேன். ஒருநாள் எழுத்தைக் கோணலாக எழுதினேன், தூக்கக் கலக்கம் தெரிய. ராத்திரிக் குத்தை இவர் போட்டார், அது எப்போதும் சரியாகவே இருந்தது. அந்த உண்மையின் பக்கத்தில் என் பொய்கள் பத்திரமாக உட்கார்ந்திருந்தன.

அடுத்த வாரம் டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். “பாத்தீங்களா, தானா இறங்கிடுச்சு. ஊசி வேண்டாம்” என்றார். இவர் வெளியே வந்ததும் என் நோட்டை வாங்கி வீடு வரை தானே பிடித்துக்கொண்டு வந்தார், சான்றிதழ் மாதிரி.

பத்தொன்பது காலைகள். பத்தொன்பதாம் நாள் மாலை அவள் அசையவில்லை. இருபது நிமிடம் படுத்துப் பார்த்தேன். பிறகு இன்னொரு இருபது நிமிடம்.

அதனால்தான் போனாள் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் இல்லை என்று சொல்ல யாரிடமும் எண்கள் இல்லை. அந்தக் காலைகளில் என் ரத்தத்தில் என்ன இருந்தது என்பதை நான் யாருக்கும் தெரியாமல் செய்துவிட்டேன், எனக்கும் சேர்த்து.

நோட்டு தொலையவில்லை. என் பழைய கையெழுத்துப் பிரதிகளுக்கு நடுவில் இருக்கிறது. யாரும் சந்தேகப்படாத ஒரே கதை நான் எழுதியதில் அதுதான்.

7

இன்று புதன்.

மேலே இருப்பதை நேற்றே எழுதி முடித்துவிட்டேன். காலையில் அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பதாக இருந்தது. வைக்கவில்லை.

“என்ன எழுதற? தொடரா?” என்று கேட்டார்.

“இல்ல. ஒரு சிறுகதை.”

“யார் சாகறா?”

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்குப் புரிந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போனார். மீட்டரை மூடி, துணியால் துடைத்து, நாளைக்கான பையில் வைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினார்.

மீட்டரை ஆஸ்பத்திரியில் ஏன் கேட்டார்கள் என்பதை உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். பழக்க தோஷம். குத்திப் பார்த்த ஒவ்வொரு அளவையும் அது தேதியோடும் மணியோடும் தனக்குள் சேமித்து வைக்கும். வார்டை விட்டுக் கிளம்பும்போது நர்ஸ் சொல்லித்தான் எனக்கே தெரியும். “நோட்டு போனா என்னம்மா, எல்லாம் மிஷினுக்குள்ள இருக்கும்” என்றாள். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. நாளை டாக்டரம்மா அந்தப் பொத்தானை அமுக்குவார். பத்தொன்பது காலைகள் காலியாக இருக்கும். இவர் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்ப்பார். அதற்கு முன் என் வாயால், அல்லது என் கையால், அவருக்குத் தெரிந்துவிட வேண்டும். இந்தக் கதைக்கு வேறு காரணம் கிடையாது.

அந்தக் காலி இடத்தை ஒருமுறையாவது நானே பார்த்துவிடலாம் என்று மதியம் பையைத் திறந்தேன். மீட்டரோடு ஒரு டப்பா இருந்தது, ரத்தம் வைக்கிற பட்டைகள் வருமே, அது. போன மாதம் புதிதாக வாங்கியது. ‘மீட்டரைச் சரிபார்க்க’ என்று சொன்னார். ஏறக்குறைய காலி. பொத்தானை அமுக்கினேன். பின்னோக்கி ஒவ்வொரு தேதியாகப் போனேன்.

இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. நாளை பத்து மணிக்கு டாக்டரம்மாவின் மேஜைக்கு இந்தப் பக்கம் இரண்டு நாற்காலிகள் இருக்கும். இரண்டு பேரில் யார் முதலில் பேசுவது, அல்லது இருவருமே பேசாமல் வீட்டுக்குத் திரும்பி வாழ்நாள் முழுக்க ஒரே மேஜையில் சாப்பிடுவதா, இந்தப் பக்கங்களை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பதா, அடுப்பில் வைப்பதா, நீங்கள் முடிவு செய்யுங்கள். எனக்கு முடிவுகள் தீர்ந்துவிட்டன. பார்த்ததை மட்டும் தருகிறேன்.

அந்தப் பத்தொன்பது தேதிகளில் ஒன்றுகூடக் காலியாக இல்லை. எல்லாவற்றிலும், காலை ஆறு மணியை ஒட்டி, ஓர் எண் இருந்தது. எண்பத்தெட்டு. எண்பத்தைந்து. தொண்ணூற்றொன்று. எண்பத்தாறு. மீட்டரின் தேதியையும் மணியையும் பின்னுக்குத் தள்ளி வைத்து, ஒவ்வொரு நாளாக, என் கணவர் தன் விரலைக் குத்தியிருக்கிறார்.